கண்ணாடிச் சாமான் என்று எழுதிய பார்சல்

உ
காமாட்சி துணை

காஞ்சிபுரம்,
16-6-1971.

சௌபாக்கியவதி வடிவுக்கு அப்பா தணிகாசலம் ஆசி கூறி எழுதிக்கொள்வது. நான் இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் டூட்டிக்குப் போய் வருகிறேன். நாக்பூரில் நீயும் மாப்பிள்ளை முனிரத்தினமும் பேத்தி கிருஷ்ணவேணியும் நல்லபடி இருக்கிறீர்கள் என்று உன் கையெழுத்தில் ஒரு வரி பார்த்தால்தான் எனக்கு மனசு ஆறும். எக்ஸ்பிரஸ் தபால் என்றதும் பயந்துவிடாதே அம்மா, இங்கே யாருக்கும் ஒன்றும் இல்லை. அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன வெள்ளிக்கிழமை உனக்கு ஒரு பார்சல் அனுப்பினேன். காடாத் துணி சுற்றித் தைத்து அரக்கு வைத்து, மேலே கண்ணாடிச் சாமான், ஜாக்கிரதை என்று எழுதியிருக்கிறேன். நீ கேட்ட பம்பு அதற்குள் இருக்கிறது. ஆனால் அதில் எடுத்த பாலைக் குழந்தைக்கு ஒரு சொட்டுக்கூடக் கொடுத்துவிடாதே. பார்சல் போய்ச் சேரப் பத்து நாளாவது ஆகும், எக்ஸ்பிரஸ் கடிதம் அதைத் தாண்டிப் போய்விடும் என்று போஸ்டாபீஸில் சொன்னார்கள். தந்தி கொடுக்கலாமா என்றுகூட நினைத்தேன், தந்திக்காரன் சைக்கிளை வாசலில் பார்த்தாலே நீ உட்கார்ந்துவிடுவாய் என்று விட்டுவிட்டேன். டிரங்க் கால் போடலாம் என்றால் அது டெலிபோன் ஆபீஸில் உன் கூட வேலை செய்கிற பெண்கள் காது வழியாகத்தான் உன்னிடம் வரவேண்டும். அவர்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்.

ஏன் கொடுக்கக்கூடாது என்பதை எழுதத்தான் இவ்வளவு பெரிய காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன், உட்கார்ந்த பிறகு வேறு எதையாவது எழுதலாமா என்று தோன்றுகிறது. கருட சேவைக் கூட்டம் ஒருவழியாக ஓய்ந்தது, அந்த இரண்டு மூன்று நாளும் டிக்கெட் கிழித்துக் கிழித்து விரல் வீங்கிவிட்டது, தொண்டை இப்போதுதான் திறக்கிறது. நம் வண்டியைப் பழையபடி ஐயம்பேட்டை லைனுக்கே போட்டுவிட்டார்கள், செவிலிமேட்டு லைனைவிட இது எனக்குப் பழக்கம், எந்த ஸ்டாப்பில் யார் ஏறுவார்கள், யார் சில்லறை இல்லை என்று பொய் சொல்வார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். நீ வைத்துவிட்டுப் போன முருங்கை காய்த்துக் கொட்டுகிறது, ஒருத்தன் எவ்வளவுதான் தின்பது. பின்கட்டில் ஓடு மாற்றிவிட்டேன். நீ எழுதின மாதிரி ராத்திரியில் வெறும் மோர்சாதத்தோடு படுத்துவிடுவதில்லை, ஏதாவது ஒரு பொரியல் செய்துகொள்கிறேன், சரிதானே. போதும், இனிமேல் தள்ளிப்போட முடியாது.

உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். அம்மா இருந்திருந்தால் அவளுக்கு எழுதியிருப்பேன், இல்லாததால் உங்களைக் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள் அப்பா என்று ஆரம்பித்திருந்தாய். லீவு முடிந்து ஒண்ணாம் தேதி டெலிபோன் ஆபீஸில் சேரவேண்டும், டின் பால் கொடுத்துப் பார்த்ததில் குழந்தைக்கு வயிற்றுப்போக்காகி வாடிவிட்டது, பாலை எடுத்து வைத்துவிட்டுப் போனால் பக்கத்து வீட்டு மராத்தி அம்மாள் புகட்டுவதாகச் சொல்கிறாள், அதற்கு ஒரு பம்பு இருக்கிறதாம், இங்கே கடைகளில் இல்லை என்கிறார்கள், காஞ்சிபுரத்தில் ஆஸ்பத்திரி ரோட்டில் கிடைக்கும், நல்லதாகப் பார்த்து வாங்கி அனுப்புங்கள் என்று எழுதி, இங்கிலீஷில் பெயர் எழுதிய ஒரு துண்டுக் காகிதமும் வைத்திருந்தாய். நல்லதாகப் பார்த்து என்ற வார்த்தையைத்தான் நான் கோட்டை விட்டேன். நாள் முழுக்கப் பஸ்ஸில் கத்துகிற மனிதன், சிட்டிபாபு மருந்துக் கடையில் போய் நின்றதும் நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. முதலில் தலைவலித் தைலம் கேட்டேன். அப்புறம் இருமலுக்கு மாத்திரை. அப்புறம் காயத்துக்குக் கட்டுகிற துணி. சிட்டிபாபு என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இன்னாபா தணிகாசலம், வண்டி எங்கனா மோதிக்கிச்சா என்றார். அப்போதுதான் உன் துண்டுக் காகிதத்தை நீட்டினேன். அவர் பேசாமல் எடுத்துக் கொடுப்பார் என்று நினைத்தேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, பிரெஸ்ட் பம்ப்பா என்று படித்தார். பின்னால் நாலு பேர் நின்றிருந்தார்கள், அதில் நம் பஸ்ஸில் கீரைக்கூடையோடு வருகிற ஐயம்பேட்டை எல்லம்மாளும் ஒருத்தி. யாருக்குபா, எதுக்குன்னு சொன்னாத்தானே எத குடுக்கறதுன்னு தெரியும் என்றார் சிட்டிபாபு. அவர் நியாயமாகத்தான் கேட்டார். என் பெண்ணுக்கு, அவள் வேலைக்குப் போகிறாள், பேத்திக்குப் பால் வைத்துவிட்டுப் போகவேண்டும் என்று சொன்னால் முடிந்திருக்கும். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது வடிவு. அந்தச் சாமானை நான் என் ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், நம் தெருவில் குழந்தை தவறிப்போன ஒரு வீட்டில், பால் கட்டிக்கொண்ட பெண்ணுக்காக ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கி வந்தார்கள். எனக்குத் தெரிந்த மரியாதையான காரணம் அது ஒன்றுதான். அதனால், தூரத்துச் சொந்தத்தில் ஒரு பொண்ணு, குழந்தை தவறிப்போச்சு, அதுக்குத்தான் என்று சொல்லிவிட்டேன். சிட்டிபாபு உடனே உள்ளே போய்ப் பெட்டியில் வைத்து எடுத்து வந்தார். எல்லம்மாள், அய்யோ பாவமே என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். எனக்கு அப்போது தப்பித்தோம் என்றுதான் இருந்தது, அதை நினைத்தால்தான் இன்றைக்கு என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. நேராகப் போஸ்டாபீஸுக்குப் போய்ப் பார்சல் கட்டி அனுப்பிவிட்டு, ஒரு பெரிய காரியத்தை முடித்த மாதிரி டீ குடித்தேன்.

எனக்கு ஒரே பெண் என்பதும், அந்தப் பெண்ணுக்கு வடக்கே குழந்தை பிறந்திருக்கிறது என்பதும் நம் லைனில் யாருக்குத்தான் தெரியாது. பிறந்த சேதி வந்த அன்றைக்கு டிக்கெட் வாங்கின அத்தனை பேருக்கும் நானே சொல்லி ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தேனே. எல்லம்மாள் போய் ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறாள், தூரத்துச் சொந்தம் என்று நான் சொன்னதை யாரும் நம்பவில்லை, பாவம் துக்கத்தை வெளியே சொல்ல முடியாமல் மறைக்கிறார் என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள். திங்கட்கிழமை வண்டியில் ஏறினதிலிருந்தே எனக்கு ஒன்றும் புரியவில்லை. சில்லறைக்கு யாரும் சண்டை போடவில்லை. மீதி கொடுத்தால் இருக்கட்டும் கண்டக்டரே என்றார்கள். ஒரு கிழவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவே இல்லை. டிரைவர் குமாரசாமி திரும்பிப் பார்த்து, ரெண்டு நாளு லீவு போட்டுக்கோயேன் தணிகாசலம், நான் ஆபீஸ்ல சொல்லிக்கிறேன் என்றான். என் முகம் அவ்வளவு வாடியா இருக்கிறது என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன். ஐயம்பேட்டை ஸ்டாப் வந்தது. அங்கே உன் மாமியார் லோகாம்பாள் அம்மாள் தலை முடியாமல், செருப்புகூட இல்லாமல் ரோட்டு நடுவில் நிற்கிறார்கள், சுற்றிலும் பெண்கள். வண்டி நிற்பதற்குள் மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். உன் பிரசவத்துக்கு நாக்பூர் வந்து நாற்பது நாள் குளிப்பாட்டிப் பொட்டு வைத்து வளர்த்துவிட்டு வந்தவர்கள். நான் போட்டோவில்தான் பேத்தியைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் மடியில் வைத்திருந்தவர்கள். என்னை எப்போதும் அண்ணா, நீங்க என்று பேசுகிறவர்கள், அன்றைக்கு, எம் பேத்திய பறிகுடுத்துட்டு எங்கிட்ட சொல்லாம மறைச்சிட்டியே, நீ மனுசந்தானா என்று கேட்டார்கள். எனக்கு அப்போதுதான் வெள்ளிக்கிழமை சொன்ன வார்த்தை திரும்பி வந்து என் முன்னால் நிற்கிறது என்று புரிந்தது. விசில் கையில் இருக்கிறது, ஊதத் தெரியவில்லை. வண்டி நிறைய ஜனம். இல்லம்மா, குழந்த நல்லா இருக்குது, நான்தான் பொய் சொல்லிட்டேன், வடிவு வேலைக்குப் போவணும், பால் எடுத்து வைக்க மிஷின் கேட்டா, கடையில சொல்ல வெக்கமா இருந்திச்சி, அதனால அப்படிச் சொல்லிட்டேன் என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். சம்பந்தியம்மா அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். உசுரோட இருக்குதா, சத்தியமா இருக்குதா என்று மூன்று முறை கேட்டார்கள். அப்புறம் எழுந்து என்னைத் திட்டினார்கள் பார், அதையெல்லாம் மகளுக்கு எழுத முடியாது.

அவர்களிடம் நான் இதை மறைத்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. பம்பு விஷயம் தெரிந்தால், புள்ளைய விட்டுட்டு அப்படி என்ன வேலை, ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இரு என்று உனக்குச் சொல்லிவிடுவார்கள் என்று பயந்தேன். அவர்கள் வண்டிக்குள் ஏறி, நான் வேண்டாம் என்றும் கேட்காமல் டிக்கெட் குடு என்று காசை நீட்டி வாங்கிக்கொண்டு, முன்சீட்டில் உட்கார்ந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நடவுக்குப் போனவ நான், முனிரத்தினம் கைப்புள்ள, வூட்ல தொட்டில்ல கெடப்பான், இங்க பால் கட்டிக்கினு ரவிக்கை நனைஞ்சி போவும், வரப்போரம் போயி குந்திக்கினு மண்ணுல பீச்சி வுட்டுட்டு வந்து நாத்து நட்டேன், எம் புள்ள பால மண்ணு குடிச்சிது, அப்ப இப்படி ஒரு மிஷின் இருக்குதுன்னு எவனாச்சும் சொல்லியிருந்தா தாலிய வித்தாவது வாங்கியிருப்பேன், எம் மருமவ கேட்டிருக்கிறா, உனுக்கு இன்னா வெக்கம் என்றார்கள். ஆம்பிளைகள் எல்லாரும் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்களில் வயதான இரண்டு பேர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். எனக்கு உன் அம்மா நினைப்பு வந்துவிட்டது. உன்னைக் கைக்குழந்தையாக விட்டுவிட்டு அவளும் பட்டு நூல் சுற்றப் போனாளே, அவள் என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதே இல்லை. சம்பந்தியம்மா இறங்கும்போது கோபம் கொஞ்சம் தணிந்து, செத்துப்போச்சின்னு பொய்ச் சேதி வந்தா ஆயுசு கெட்டிம்பாங்க, அது போவட்டும், ஆனா எந்த எடத்துல அந்த வார்த்தைய வுட்டியோ அந்த எடத்துக்கே போயி வாயால எடுத்துக்கினு வா என்று சொல்லிவிட்டுப் போனார்கள். குழந்தை போட்டோவுக்கு உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டுவிட்டதாகவும் சாயங்காலம் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்கள்.

நேற்று டூட்டி முடிந்து சிட்டிபாபு கடைக்குப் போனேன். கூட்டம் குறையட்டும் என்று எதிரில் கொஞ்ச நேரம் நின்றேன், அப்புறம் பொய்யைக் கூட்டத்தில்தானே சொன்னோம் என்று நினைத்து உள்ளே நுழைந்தேன். ஸ்டாப் பெயர் சொல்கிற குரல்தான் வந்தது, எனக்கு வேறு குரல் கிடையாது. வெள்ளிக்கெழம நான் சொன்னது பொய், எம் பேத்தி நாக்பூர்ல நல்லா இருக்குது, பேரு கிருஷ்ணவேணி, எம் பொண்ணு டெலிபோன் ஆபீஸ்ல வேலை செய்யறா, அவ பாலு எடுத்து வச்சிட்டுப் போறதுக்குத்தான் அந்தப் பம்பு வாங்கினேன் என்றேன். வார்த்தையை எடுத்தாகிவிட்டது, இனி வீட்டுக்குப் போகலாம் என்று திரும்பினால் சிட்டிபாபு கல்லாவை விட்டு எழுந்து வருகிறார். அய்யய்யோ, அதுல எடுத்து குழந்தைக்குக் குடுக்கப் போறாங்களா என்று கேட்டார். அவர் அதே மாதிரி ஒன்றை எடுத்துக் காட்டினார். கண்ணாடியில் ஒரு சின்னப் புனல், அதன் வாலில் ரப்பர் பந்து, நம் பஸ் ஹாரனில் இருக்குமே அப்படி. பந்தை அமுக்கி விட்டால் பால் நேராக அந்தப் பந்துக்குள் போய்விடும். உள்ளே விரல் விட்டுக் கழுவ முடியாது. பால் கட்டிக்கினு நோவாம இருக்க எடுத்துக் கொட்டறதுக்குத்தான்பா இது, நீ புள்ள தவறிப்போச்சின்னு சொன்னே, அதனால இதக் குடுத்தேன், இந்தப் பந்துக்குள்ள தங்கின பால குடிச்சா புள்ளைக்கு வயித்தால போவும் என்றார். டின் பாலுக்கே வாடிப்போன குழந்தை. ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொன்னார், உட்கார்ந்துவிட்டேன். சம்பந்தியம்மா அந்தக் கடைக்குப் போகச் சொல்லாமல் இருந்திருந்தால், என் வெட்கம் என் பேத்தி வயிற்றுக்குள் போயிருக்கும். வாயால் சொன்னது மட்டும்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன் வடிவு, கையாலும் செய்து அனுப்பியிருக்கிறேன்.

குழந்தைக்குக் கொடுப்பதற்கு என்றால் வேறு மாதிரி இருக்கிறது. புனலுக்குக் கீழே வயிறு மாதிரி ஒரு குமிழ் தொங்குகிறது, பால் அதில் தங்கும், பந்துக்குப் போகாது, அப்படியே பாட்டிலில் ஊற்றிக்கொள்ளலாம். அதில் மூன்று தினுசு எடுத்து வைத்தார். இந்தத் தடவை நான் பார்த்துத்தான் வாங்கினேன். ஒன்றின் விளிம்பில் கண்ணாடி சொரசொரவென்று இருந்தது, வேண்டாம் என்றேன். ஒன்றில் பந்து புதிதாக விறைப்பாக இருந்தது, அதை என் உள்ளங்கையில் வைத்து அமுக்கி விட்டுப் பார்த்தேன், வட்டமாகச் சிவந்து சுருக்கென்று இழுத்தது. காய்ப்புக் காய்த்த கையிலேயே இப்படி இழுத்தால் உனக்கு எப்படி இருக்கும் என்று நினைத்து, மெதுவாக இழுக்கிறதைக் கேட்டேன். மூன்றாவது நன்றாக இருந்தது, விளிம்பும் வழவழப்பாக இருக்கிறது, பந்தும் தனியாகக் கழன்று வருகிறது. கடைக்கு வந்தவர்கள் எல்லாம் நான் கையில் வைத்து வைத்துப் பார்ப்பதை நின்று பார்த்தார்கள். காது சுட்டது, ஆனாலும் அவசரப்படவில்லை. கண்ணாடியைப் பச்சைத் தண்ணீரில் போட்டு அதோடு சேர்த்துச் சூடு பண்ணு, கொதிக்கிற தண்ணீரில் போட்டால் விரிசல் விட்டுவிடுமாம். பந்தைத் தனியாகக் கழுவிக் காயவை. நாக்பூர் வெயிலில் எடுத்த பாலை ரொம்ப நேரம் வைக்காதே, மண்பானைத் தண்ணீரில் பாட்டிலை இறக்கி வை என்று சொன்னார், எதற்கும் உன் ஆஸ்பத்திரி நர்ஸையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு செய்யாதே.

இன்று காலை அதையும் பார்சல் கட்டினேன். துணி தைத்து முடித்ததும் சிட்டிபாபுவிடமே எடுத்துப்போய் இங்கிலீஷில் பெரிய எழுத்தாகப் பிரெஸ்ட் பம்ப் என்று மேலே எழுதி வாங்கினேன், அதன் கீழே தமிழில் என் கையால், குழந்தை கிருஷ்ணவேணிக்குப் பால் எடுக்கும் பம்பு என்று எழுதினேன். போஸ்டாபீஸில் பார்சல் வாங்குகிறவர் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார், கண்ணாடிச் சாமான்னு போட்டா போதாதா கண்டக்டரே என்றார். போதாதுங்க, அப்படி எழுதினது ஒண்ணு முன்னாலயே போயிருக்குது என்றேன். இங்கிருந்து நாக்பூர் வரைக்கும் எத்தனை பேர் கையில் மாறிப் போகுமோ, படிக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் படிக்கட்டும்.

மாப்பிள்ளையிடம் இதையெல்லாம் சொல்வதா வேண்டாமா என்பது உன் இஷ்டம், அவர் அம்மா எப்படியும் எழுதச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். உனக்கு என் மேல் கோபம் வந்தால் அடக்கிக்கொள்ளாமல் எழுது, திட்டி எழுதினாலும் உன் எழுத்தாக இருந்தால் சரி. பெற்ற பெண் வேலைக்குப் போகிறாள் என்று பஸ் முழுக்கப் பெருமை அடித்தவன், அந்த வேலைக்கு வேண்டிய ஒரு சாமானைக் கேட்க வெட்கப்பட்டேன், இது எனக்குப் போதுமான தண்டனை. நீ தலை நிமிர்ந்து டூட்டிக்குப் போய் வா. நேரத்துக்குச் சாப்பிடு, பூண்டு போட்டுச் சாப்பிடு. நீயும் மாப்பிள்ளையும் நீண்ட நாள் ஒற்றுமையாக இருக்கவும், குழந்தை நோய் நொடி இல்லாமல் வளரவும் காமாட்சியம்மன் துணையிருப்பாள். குழந்தை காதில் தாத்தா நூறு வயசு சொன்னார் என்று ஒரு தடவை சொல்லிவிடு, என் வாயால் வந்த மற்றது அவள் காதுக்கு வேண்டாம்.

மறக்காதே அம்மா. இரண்டு பார்சல் வரும். கண்ணாடிச் சாமான் என்று எழுதியிருப்பது உன் அப்பா வெட்கப்பட்டு அனுப்பியது, அதைப் பிரிக்காமலே தூரப் போட்டுவிடு. குழந்தை பெயர் எழுதியிருப்பதைப் பிரி.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா,
தணிகாசலம்,
கண்டக்டர், ஐயம்பேட்டை லைன்.